சர்வ தடை நிவர்த்தி

எங்கள் பக்கத்தில் கல்யாணம் தள்ளிப்போனால் திருமணஞ்சேரிக்குப் போவார்கள். ராகு என்றால் திருநாகேஸ்வரம். சனி என்றால் திருநள்ளாறு. அரசாங்க அலுவலகத்துக்கே தோஷம் பிடித்தால் எங்கே போவது? அதற்கும் ஒரு பரிகாரத் தலம் இருக்கிறது. அதன் பெயர் கூட்டமர்வு: தணிக்கைக்காரர்களும் அலுவலகத்தாரும் சேர்ந்து உட்காரும் கூட்டம். எலுமிச்சை மாலை வேண்டாம், எள் தீபம் வேண்டாம். ஒரு மேசை நிறையக் கோப்பு, இரண்டு தட்டு மெதுவடை, பிளாஸ்க்கில் காபி, கையெழுத்துப் போட ஒரு பதிவேடு. மதியச் சாப்பாட்டுக்குள் நாற்பது தடைகள் நிவர்த்தியாகிவிடும்.

நிவர்த்தி என்ற சொல்லை நான் கேலிக்காக இழுத்து வரவில்லை. அலுவலகக் கடிதங்களிலேயே அப்படித்தான் எழுதுகிறார்கள்: தணிக்கைத் தடை நிவர்த்தி. இந்தச் சொற்றொடரைக் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். ஒருவர் பொதுப் பணத்தை எடுத்துவிட்டார். இன்னொருவர் வந்து கணக்கைப் பார்த்து, 'எடுத்திருக்கிறாரே' என்று எழுதிவைத்தார். நம் அலுவலகத் தமிழில் முதலாமவர் செய்ததற்குப் பெயர் செலவினம். இரண்டாமவர் எழுதியதற்குப் பெயர் தடை. ஆக, நீக்க வேண்டியது எது என்பதைச் சொல்லே முடிவு செய்துவிட்டது. திருட்டு அப்படியே இருக்கலாம், அது யாருக்கும் தடையாக இல்லை. அதைச் சொன்ன நாலு வரிதான் வழியில் கிடக்கும் கல். அதைப் புரட்டித் தள்ளத்தான் இத்தனை அதிகாரிகள், இத்தனை பயணப்படி, இத்தனை வடை.

இந்தக் கலை எனக்கு என் பெரியப்பா வழியாகத் தெரியவந்தது. அவர் ஓர் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த ஒன்றியம் என்று சொல்லமாட்டேன். சொன்னால் அதற்கொரு விளக்கம் கேட்டு எழுதுவார்கள், அவருக்குத் தாங்காது. ஓய்வு பெறும் மாதத்தில், தணிக்கைத் தடை எதுவும் நிலுவையில் இல்லை என்று ஒரு சான்று வாங்க வேண்டும். வாங்கினால்தான் பணிக்கொடை கைக்கு வரும். பெரியப்பா பெயரில் ஒரு தடை இருந்தது. இருப்புப் பதிவேட்டில் 14 பிளாஸ்டிக் நாற்காலி, தணிக்கையர் எண்ணியபோது 11. மூன்று குறைகிறது. ஒரு நாற்காலி 350 ரூபாய் வீதம் இழப்பு 1,050 ரூபாய்.

நாற்காலிகள் எங்கே போயின என்பது ஊருக்கே தெரியும். பெருமழையின்போது பள்ளிக்கூடத்தில் நிவாரண முகாம் போட்டார்கள். நாற்காலிகள் அங்கே போயின. மழை நின்றது, மக்கள் வீட்டுக்குப் போனார்கள், நாற்காலிகள் பள்ளிக்கூடத்திலேயே தங்கிவிட்டன.

"அந்த நாற்காலியில என் கண்ணு முன்னாலேயே ஹெட்மாஸ்டர் உக்காந்திருக்காருடா தம்பி," என்பார் பெரியப்பா. "எழுந்திருங்க சார், நீங்க ஒரு தணிக்கைத் தடை மேல உக்காந்திருக்கீங்கன்னு நான் எப்படிச் சொல்றது?"

தணிக்கையர் எழுதிய ஆய்வறிக்கையில் பெரியப்பாவின் நாற்காலி பாரா ஏழு. அடுத்தது பாரா எட்டு, ஒரு சாலை. 1,200 மீட்டர் போட்டதாகப் பில். தணிக்கையர் டேப்பைப் பிடித்து அளந்தபோது 740 மீட்டரில் தார் முடிந்து கருவேலம் ஆரம்பித்திருந்தது. அளவுப் புத்தகத்தைக் கேட்டார்கள். 'தேடப்பட்டு வருகிறது' என்று பதில் போயிற்று. ஒன்பது வருடம் தேடினார்கள். தேடிக்கொண்டிருந்த காலத்தில் பொறியாளருக்குப் பதவி உயர்வு வந்தது. ஒப்பந்ததாரருக்கு உள்ளாட்சித் தேர்தலில் சீட்டு வந்தது. அளவுப் புத்தகம் மட்டும் வரவில்லை. கடைசியில் கூட்டமர்வு வந்தது. பெரியப்பா கோப்போடு ஓரமாக நின்றிருக்கிறார். அங்கே நடந்ததை அவர் நடித்தே காட்டுவார்.

"பாரா எட்டு சார்."

"ரோடுதானே? இப்ப ரோடு இருக்கா, இல்லையா?"

"இருக்கு சார். போன வருஷம் வேற ஸ்கீம்ல மீதியைப் போட்டுட்டோம்."

"அப்ப ரோடு முழுசா இருக்கு."

"முழுசா இருக்கு சார்."

"அப்புறம் இழப்பு எங்கேர்ந்து வந்துச்சு? டிராப் பண்ணிடலாம்."

புரிகிறதா? போடாத 460 மீட்டருக்கு ஒருமுறை பணம் கொடுத்தாயிற்று. அதே 460 மீட்டருக்கு இன்னொரு திட்டத்தில் இன்னொருமுறை பணம் கொடுத்தாயிற்று. இரண்டாவது முறை கொடுத்ததால் முதல் முறை தின்றது செரித்துவிட்டது. இதைத்தான் நிவர்த்தி என்கிறார்கள். கேட்டுக்கொண்டிருந்த தணிக்கை உதவியாளர் பச்சை மையில் ஒரு டிக் போட்டாராம்.

பாரா ஏழு வந்தபோது அறையில் திடீரென்று அறச்சீற்றம் பொங்கியது.

"நாற்காலி எப்படிங்க குறையும்? அரசாங்கச் சொத்து! சம்பந்தப்பட்டவர்கிட்ட வசூல் பண்ணி, செலான் காப்பியோட வாங்க."

அதிகாரி இதை வடையைக் கடித்தபடி சொன்னார் என்று பெரியப்பா சொல்வார். வடை விஷயத்தில் அவர் மிகைப்படுத்தியிருக்கலாம்.

தணிக்கைக்கு எழுதப்படும் பதில்களைத் தொகுத்தால் தமிழில் ஒரு தனி இலக்கிய வகை கிடைக்கும். முதல் பதில், 'பதிவேடுகள் தேடப்பட்டு வருகின்றன.' இரண்டாவது நினைவூட்டுக்கு, 'சம்பந்தப்பட்ட அலுவலரிடம் விளக்கம் கோரப்பட்டுள்ளது.' மூன்றாவதுக்கு, 'அன்னார் ஓய்வு பெற்றுவிட்டார்.' நான்காவதுக்கு, 'அன்னார் காலமாகிவிட்டார்.' அன்னார் இறந்த செய்தியை அலுவலகம் இவ்வளவு நிம்மதியோடு அறிவிக்கும் வேறொரு கடிதத்தை நான் பார்த்ததில்லை. இவை எதுவும் செல்லாவிட்டால் இருக்கவே இருக்கிறது பின்னேற்பு. அனுமதி இல்லாமல் செலவழித்தீர்களா? பரவாயில்லை, இப்போது அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். இந்தச் சலுகை பணத்துக்கு மட்டுந்தான். பஸ்ஸில் டிக்கெட் இல்லாமல் ஏறியவன் பரிசோதகரிடம் 'பின்னேற்பு' என்று சொல்லிப் பார்க்கட்டும். எல்லாவற்றுக்கும் சிகரமான பதில் ஒன்று உண்டு: 'தணிக்கையின் கருத்து வருங்காலங்களில் கவனத்தில் கொள்ளப்படும்.' எதைக் கவனத்தில் கொள்வார்கள் என்று கேட்காதீர்கள். அடுத்த முறை டேப் எட்டாத இடமாகப் பார்த்துச் சாலை போடுவார்கள்.

இதெல்லாம் ஒன்றிய அலுவலகத்துச் சில்லறை விவகாரம், மேலே போகப் போக ஒழுங்கு இருக்கும் என்று நினைப்பவர்கள் பாக்கியசாலிகள். மேலே போகப் போக வடைதான் முந்திரி பக்கோடாவாகிறது.

இந்தியாவின் கணக்குத் தணிக்கைத் தலைவர் (சி.ஏ.ஜி.) என்ற பதவி அரசியல் சாசனத்தில் 148ஆம் பிரிவில் தொடங்குகிறது. அரசியல் நிர்ணய சபையில் 1949-இல் இந்தப் பதவியைப் பற்றிப் பேசிய அம்பேத்கர், சாசனத்திலேயே அநேகமாக மிக முக்கியமான அதிகாரி இவர்தான் என்றார். நீதித்துறையின் கடமையைவிட இவருடைய கடமை பெரிது என்றும் சொன்னார். இவ்வளவு முக்கியமானவரின் அறிக்கை என்ன ஆக வேண்டும் என்று 151ஆம் பிரிவு சொல்கிறது. குடியரசுத் தலைவரிடமோ ஆளுநரிடமோ கொடுக்க வேண்டும், அவர் அதை அவையில் வைக்கச் செய்ய வேண்டும். எத்தனை நாளுக்குள் என்று மட்டும் சொல்லவில்லை. வீட்டுவரி கட்டத் தேதி உண்டு, மின்கட்டணத்துக்குத் தேதி உண்டு, ரேஷனில் பருப்பு வாங்கத் தேதி உண்டு. ஆட்சியாளர்கள் தங்கள் கணக்கைக் காட்டத் தேதி கிடையாது. சாசனம் எழுதியவர்கள் பின்னால் வரப்போகிறவர்களின் வெட்கத்தை நம்பியிருக்கிறார்கள்.

அந்த வெட்கம் டெல்லியில் எந்த அழகில் இருந்தது என்று பாருங்கள். ஊழலைத் துடைப்பேன் என்று துடைப்பத்தையே சின்னமாக்கி வந்த கட்சியின் ஆட்சி, 14 தணிக்கை அறிக்கைகளைச் சட்டமன்றத்தில் வைக்காமல் வைத்திருந்தது. விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. தாமதத்தை நீதிமன்றம் கண்டித்தது, ஆனால் அவையைக் கூட்டச் சொல்லி உத்தரவிட மறுத்தது. 2025 பிப்ரவரியில் ஆட்சி மாறியது. மதுக்கொள்கையால் 2,002 கோடி ரூபாய் இழப்பு என்ற அறிக்கையைப் புதிய ஆட்சி முதல் வேலையாக மேளதாளத்தோடு அவையில் வைத்தது. அடடா, கணக்கின் மீது என்ன பக்தி என்று கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். ஆனால் அந்தப் புதிய ஆட்சியின் கட்சியே ஆளும் மத்திய அரசின் துறைகளைப் பற்றிய சி.ஏ.ஜி. அறிக்கைகள் 2015-இல் 55, 2020-இல் 14. முந்தைய ஆட்சியின் அறிக்கை என்றால் திருவிழா, தன் ஆட்சியின் அறிக்கை என்றால் தீட்டு. இதில் கட்சி வித்தியாசம் பார்ப்பது வீண். எதிர்க்கட்சியாக இருக்கும்போது சி.ஏ.ஜி. அறிக்கையைத் தலையில் வைத்துக்கொண்டு ஆடாத கட்சியும் இந்த நாட்டில் இல்லை, ஆளுங்கட்சியானதும் அதை உட்காரும் பலகையாக்கிக்கொள்ளாத கட்சியும் இல்லை.

அவையில் வைத்துவிட்டால் மட்டும் என்ன ஆகிவிடும்? பல மாநிலங்களில் அறிக்கை வைக்கப்படும் நாள் பெரும்பாலும் கூட்டத்தொடரின் கடைசி நாள். உறுப்பினர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டிருக்கும் நேரம். அந்தக் கனத்த புத்தகங்கள் மேசைக்கு வருகின்றன, அவை ஒத்திவைக்கப்படுகிறது. மறுநாள் பத்திரிகையில் இரண்டு பத்திச் செய்தி, அதற்கடுத்த நாள் அமைச்சரின் மறுப்பு, அதற்கு மறுநாள் ஒரு நடிகரின் விவாகரத்து. முடிந்தது.

முடியாது, பொதுக் கணக்குக் குழு இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. 1921-இலிருந்து இருக்கிறது. 1967 முதல் நாடாளுமன்றக் குழுவுக்கு எதிர்க்கட்சிக்காரரே தலைவர் என்ற நல்ல மரபும் இருக்கிறது. அந்த மரபின் வலிமையை 2011 ஏப்ரலில் பார்த்தோம். அலைக்கற்றை விவகாரத்தில் குழுத் தலைவர் முரளி மனோகர் ஜோஷி வரைவறிக்கையைக் கொண்டுவந்தார். ஆளுந்தரப்பு உறுப்பினர்கள் ஆள் சேர்த்தார்கள். 21 பேரில் 11 பேர் ஒரு பக்கம். தலைவர் எழுந்து போனதும், தங்களுக்குள் ஒருவரைத் தலைவராக உட்காரவைத்து வரைவைத் தள்ளுபடி செய்தார்கள். கணக்கு பார்க்கக் கூடிய குழு கடைசியில் தலைகளை எண்ணிவிட்டுக் கலைந்தது. அந்த விவகாரத்தில் சி.ஏ.ஜி. சொன்ன 1.76 லட்சம் கோடி என்ற யூக இழப்பு சரியா தவறா என்று வருடக்கணக்கில் பேசினோம். 2017 டிசம்பரில் தனி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட எல்லாரையும் விடுவித்தது. தணிக்கையர் ஊதிப் பெருக்கினார் என்று ஒரு தரப்பு, திருடர்கள் தப்பினார்கள் என்று ஒரு தரப்பு. இரண்டில் எது உண்மையோ, அதைக் காலத்தில் விசாரித்துச் சொல்லவேண்டிய குழு அன்று நாற்காலிச் சண்டையில் இருந்தது. (பெரியப்பாவைப் போலவே நாற்காலிதான். ஆனால் இவர்களிடம் யாரும் செலான் கேட்கவில்லை.)

நீதிமன்றத்துக்குப் போகலாமே? 2013-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது: சி.ஏ.ஜி. அறிக்கை நாடாளுமன்றத்தின் ஆய்வுக்கு உட்பட்டது, அதை மட்டும் வைத்து நாங்கள் முடிவுக்கு வர முடியாது. சட்டப்படி சரியான பேச்சுதான். நீதிமன்றம் நாடாளுமன்றத்தைக் காட்டுகிறது. நாடாளுமன்றம் குழுவைக் காட்டுகிறது. குழு துறையிடம் நடவடிக்கைக் குறிப்பு கேட்கிறது. மத்திய அரசில் அதற்குக் கெடு நான்கு மாதம். துறை கீழ் அலுவலகத்துக்கு எழுதுகிறது. கீழ் அலுவலகத்தில் பதிவேடுகள் தேடப்பட்டு வருகின்றன.

இந்தச் சுற்று எவ்வளவு காலம் ஓடும் என்பதற்குப் பீகார் ஒரு பாடம். 1985-லேயே அப்போதைய சி.ஏ.ஜி. டி.என். சதுர்வேதி, பீகாரில் கருவூலக் கணக்குகள் மாதாமாதம் ஒழுங்காக வராததைப் பார்த்து, பணம் கையாடப்படலாம் என்று முதலமைச்சருக்கே எழுதி எச்சரித்தார். எழுதிய கடிதம் கிணற்றில் போட்ட கல். முதலமைச்சர்கள் மாறினார்கள், கட்சி மாறியது, கணக்கு வராதது மட்டும் மாறவில்லை. 1996 ஜனவரியில் சாய்பாசாவில் ஒரு மாவட்ட அதிகாரி கால்நடைத் துறை அலுவலகத்தைச் சோதனை போட்டபோதுதான் மாட்டுத்தீவன ஊழல் வெடித்தது. இல்லாத மாட்டுக்கு இல்லாத தீவனம். மாடு ஏற்றிய லாரி என்று பில்லில் காட்டிய எண்களைச் சரிபார்த்தால் ஸ்கூட்டரும் மொபெட்டும். ஒரு காளை மாடு மொபெட்டின் பின்சீட்டில் உட்கார்ந்து, முன்னால் ஓட்டுகிறவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு போகும் காட்சியைக் கற்பனை செய்யுங்கள். அந்தப் பில்லைப் பாஸ் செய்த அதிகாரிகள் யாரும் சிரிக்கவில்லை. முன்னாள் முதலமைச்சர் லாலு பிரசாத்துக்குத் தண்டனை வந்தது 2013-இல். முதல் எச்சரிக்கைக் கடிதத்திலிருந்து 28 வருடம்.

சரி, பீகார் பாடம் கற்றதா? 2025-இல் அங்கே சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட சி.ஏ.ஜி. அறிக்கை சொல்கிறது: 2024 மார்ச் 31 நிலவரப்படி வரவேண்டிய பயன்பாட்டுச் சான்றுகள் 49,649. தொகை 70,877 கோடி ரூபாய். இத்தனை கோடியும் திருடப்பட்டது என்று அதற்குப் பொருள் இல்லை. கொடுத்த காரியத்துக்குத்தான் செலவானது என்று ஒருவரும் எழுதிக் கொடுக்கவில்லை என்பதுதான் பொருள். அந்தச் சான்று என்ன பெரிய பட்டயமா? ஒரு தாள், ஒரு கையெழுத்து, ஒரு ரப்பர் ஸ்டாம்ப். நம் ஊரில் முதியோர் உதவித்தொகைக்கு ஒரு பாட்டி இத்தனை தாள், இத்தனை கையெழுத்து என்று வெயிலில் அலைகிறாள். 70,877 கோடிக்கு அந்த ஒரு தாள் கிடைக்கவில்லை.

பீகாரைப் பார்த்துச் சிரித்து முடித்தாயிற்றென்றால் செம்பரம்பாக்கத்துக்கு வாருங்கள்.

2015 டிசம்பர் 1. ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறந்துவிடப்பட்டது. இரவோடு இரவாக அடையாறு வீடுகளுக்குள் வந்தது. நூற்றுக்கணக்கான உயிர்கள் போயின. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று நம் முன்னோர் சொன்னது காசைப் பற்றி. தண்ணீரையே ஆற்றில் அளந்து போடத் தெரியாத பிள்ளைகள் பிறப்பார்கள் என்று அவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள். சென்னை வெள்ள மேலாண்மையைப் பற்றிச் சி.ஏ.ஜி. தனி அறிக்கையே எழுதியது. ஏரியின் இருப்பையும் திறப்பையும் கையாண்ட விதத்தையும், நீர்நிலைகளை ஆக்கிரமிக்க விட்டதையும், முன்திட்டம் இல்லாததையும் பக்கம் பக்கமாகச் சொல்லி, இது மனிதர் உண்டாக்கிய பேரிடர் என்றது. அந்த அறிக்கை சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட நாள் 2018 ஜூலை 9. அன்றைக்குக் கூட்டத்தொடரின் கடைசி நாள். வெள்ளத்துக்கும் அறிக்கைக்கும் நடுவே இரண்டரை வருடம். அதற்குள் சுவரில் இருந்த நீர்க்கறையின் மேல் ஜனங்கள் புது வெள்ளை அடித்துவிட்டார்கள்.

மனிதர் உண்டாக்கிய பேரிடர் என்றால், அந்த மனிதர்கள் யார்? பெயர் என்ன, பதவி என்ன, இப்போது எந்த நாற்காலியில் இருக்கிறார்கள்? மதகைத் திறந்த கையைச் சொல்லவில்லை, அது உத்தரவுக்குக் காத்திருந்த கை. காத்திருக்க வைத்தவர்கள் யார்? பிளாஸ்டிக் நாற்காலிக்கு ஆள் பெயர் போட்டுப் பிடித்தம் செய்யத் தெரிந்த அரசாங்கத்துக்கு இந்தக் கேள்விக்கு மட்டும் 'அன்னார்' கிடைக்கவில்லை. அறிக்கை வந்தபோது ஒரு கட்சி ஆட்சி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் மறுபடி மூழ்கியபோது வேறு கட்சி ஆட்சி. படகு மட்டும் ஒன்றே.

பதில் சொல்லும் கலையில் மத்திய அரசும் சளைத்ததல்ல. 2023 ஆகஸ்டில் ஆயுஷ்மான் பாரத் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தைப் பற்றி ஓர் அறிக்கை வந்தது. 7,49,820 பயனாளிகள் ஒரே கைபேசி எண்ணில் பதிவாகியிருந்தார்கள். எண் 9999999999. இறந்துபோனதாகத் திட்டத்தின் சொந்தக் கணினியே குறித்து வைத்த 3,446 நோயாளிகள் பெயரில் சிகிச்சைக்குப் பணம் போயிருந்தது. தமிழ்நாட்டுக்கும் அதில் இடம் உண்டு, ஏழே ஆதார் எண்ணில் 4,761 பதிவுகள். அரசுத் தரப்பு பதில் என்ன தெரியுமா? பயனாளியின் தகுதியை முடிவு செய்வதில் கைபேசி எண்ணுக்குப் பங்கில்லை. அவ்வளவுதான். வீட்டில் திருடன் நுழைந்துவிட்டான் என்று போன் செய்தால், கதவுக்கும் சட்டப்படி வீட்டு உரிமைக்கும் தொடர்பில்லை என்று சொல்வதைப் போல. அதே மாதத்தில் வந்த இன்னோர் அறிக்கை, துவாரகா விரைவுச் சாலைக்குக் கிலோமீட்டருக்கு 18.20 கோடி என்று அமைச்சரவைக் குழு அனுமதித்தது 250.77 கோடியாகிவிட்டது என்றது. மேம்பாலம், சுரங்கம் எல்லாம் சேர்ந்தது, எனவே அப்படி ஒப்பிடக்கூடாது என்று அமைச்சகம் விளக்கியது. அதுவும் சரியாகவே இருக்கட்டும். சில வாரங்களில் அந்த அறிக்கைகளோடு தொடர்புடைய தணிக்கை அதிகாரிகள் சிலருக்கு இடமாற்ற உத்தரவு வந்தது. வழக்கமான நிர்வாக மாற்றம் என்றார்கள். தடை நிவர்த்தியில் இது துரித முறை. தடையை நகர்த்த முடியாவிட்டால், எழுதியவரை நகர்த்து.

தணிக்கைத் துறையும் உத்தமர்களின் ஆசிரமம் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஊருக்கு வரும் தணிக்கைக் குழுவுக்கு அறை யார் பார்க்கிறார்கள், வண்டி யார் அனுப்புகிறார்கள், மீன் குழம்பு எந்த வீட்டிலிருந்து வருகிறது என்று கடைநிலை ஊழியரைக் கேட்டால் கோப்பில்லாமலே சொல்வார். இன்னொரு நோய், சில்லறைத் தடை. வவுச்சரில் ரத்து முத்திரை இல்லை, பதிவேட்டில் பக்க எண் இல்லை, கூட்டலில் 12 ரூபாய் வித்தியாசம். இப்படி ஆயிரம் எழுதிவைத்தால் நிலுவை மலையாகும். மலையானதும் 'நிலுவையைக் குறையுங்கள்' என்று மேலிருந்து உத்தரவு வரும். குறைக்க ஒரு முகாம். முகாமில் பக்க எண்ணும் 12 ரூபாயும் வாசல் வழியாகப் போகும்போது, அவற்றின் நடுவே குனிந்தபடி 460 மீட்டர் சாலையும் வெளியே போய்விடும். ஆண்டு முடிவில் 'இத்தனை பத்திகள் தீர்வு செய்யப்பட்டன' என்று ஒரு பட்டியல். எத்தனை ரூபாய் திரும்பி வந்தது என்ற கட்டத்தைப் பெரும்பாலும் பட்டியலின் ஓரத்தில்தான் தேட வேண்டியிருக்கும்.

நம் ஆட்சியாளர்களுக்கு உத்திரமேரூர் என்றால் உயிர். பத்தாம் நூற்றாண்டிலேயே குடவோலை, பார் வியக்கும் ஜனநாயகம் என்று மேடைதோறும் முழங்குவார்கள். 2020-இல் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமரும் அதைச் சொன்னார். பராந்தகன் காலத்து அந்தக் கல்வெட்டில் குடத்தில் ஓலை போடுவதற்கு முன்னால் வேறொன்று இருக்கிறது. வாரியப் பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்தில் இடக்கூடாது. அவனோடு விடவில்லை, அவன் உறவுக்காரர்கள் பெயரையும் இடக்கூடாது என்று உறவுகளைப் பட்டியலிட்டுத் தடுத்திருக்கிறார்கள். இந்தப் பகுதியை எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை. காரணம் எளிது. மகனும் மருமகனும் மைத்துனரும் போட்டியிட முடியாதென்றால் நம் கட்சிகள் பாதிக்கு வேட்பாளர் கிடைக்கமாட்டார்கள்.

ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கும் உதவியாளரிடம் தடையின்மைச் சான்று கேட்கிறீர்களே, தேர்தலில் நிற்கும் ஒன்றியத் தலைவரிடம் ஏன் கேட்பதில்லை? பதவி உயர்வுப் பட்டியலில் இருக்கும் பொறியாளரிடம் ஏன் கேட்பதில்லை? அடுத்த டெண்டருக்கு மனுப் போடும் ஒப்பந்ததாரரிடம், துறை செயலாளரிடம், அமைச்சரிடம்? அறிக்கை ஆளுநர் கைக்கு வந்த இத்தனையாவது நாளில் தானாகவே பொதுவில் வெளியாகும் என்று ஒரு வரி சட்டம் போட எந்த அரசுக்குக் கை வலிக்கிறது? வலிக்கத்தான் செய்யும். தன் கழுத்துக்குத் தானே அளவெடுக்க எந்தத் தையல்காரனுக்கும் கை வராது.

பெரியப்பாவின் கதை பாக்கி இருக்கிறது. ஏழு மாதம் அலைந்தார். தலைமை ஆசிரியரிடம் போய், நாற்காலிகள் இங்கே இருப்பதாக எழுதிக் கொடுங்கள் சார் என்று கேட்டார். அவர் நல்ல மனிதர், ஆனால் விவரமானவர். "எழுதிக் கொடுத்தா என் இருப்புப் பதிவேட்டுல இல்லாத மூணு நாற்காலி எப்படி வந்துச்சுன்னு எனக்கு ஒரு தடை போடுவாங்களேய்யா," என்றார். அவர் சொன்னதும் உண்மை. கடைசியில் பெரியப்பா கருவூலத்துக்குப் போய் வரிசையில் நின்று, தன் கைக்காசு 1,050 ரூபாயைக் கட்டி, செலான் நகலை இணைத்து, நிவர்த்திச் சான்று வாங்கினார். அந்த ஆய்வறிக்கையில் மொத்தம் 31 பாராக்கள் இருந்தன. மற்ற முப்பதும் பைசா வராமல் கைவிடப்பட்டன. அரசுக்குத் திரும்பி வந்த பணம் பெரியப்பா கட்டியது மட்டுந்தான்.